அதே டம்ளர்

பெரியணன் மாட்டுத் தரகை விட்டு மடத்துச் சாமியிடம் சீடனாக வந்தவன். தரகை விட்டான். பேரத்தை விடவில்லை.

மடத்துக்கு எதிரே சின்னதுரையின் டீக்கடை. ஊர்க்காரர்களுக்கு உள்ளே பெஞ்சும் கண்ணாடி டம்ளரும். காலனிக்காரர்களுக்கு வெளியே கூரையில் செருகிய தனி டம்ளர். நின்றே குடித்து, தாங்களே கழுவிச் செருக வேண்டும்.

அன்று காலை காலனிப் பிள்ளைகள் நாலு பேர் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் தடியோடு ஆள் சேர்ந்தது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

சமரசம் பேசப் போன பெரியணன் மத்தியானம் கொதித்துப் போய் மடத்துக்குத் திரும்பினான்.

"வீம்பு பிடித்த பிள்ளைகள், சாமி. 'உட்கார்ந்தே குடிங்க, டம்ளர் மட்டும் தனி' என்றார் சின்னதுரை. மாட்டார்களாம். 'கழுவ வேண்டாம்' என்றார். மாட்டார்களாம். தனி டம்ளரைப் புது எவர்சில்வரில் வாங்கி வைக்கிறேன் என்றுகூட இறங்கி வந்துவிட்டார்."

"அதற்கு?"

"செவந்தி என்று ஒரு பெண். 'எவர்சில்வரை உங்க மடத்துக்குக் கொண்டு போங்கண்ணே' என்கிறாள். கால் வெடவெடவென்று நடுங்குகிறது, வாய் மட்டும் அடங்கவில்லை. அடி விழுமுன் பாதியில் முடித்துக்கொள்ள வேண்டாமா?"

சாமி எழுந்துபோய், அவன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"சாமி, என் செருப்பு."

"ஒன்று தருகிறேன்."

"விளையாடாதீர்கள், சாமி."

"சரி, அந்த ஒன்றுக்குப் புது வாரும் போட்டுத் தருகிறேன்."

"என் செருப்புக்கு நான் எதற்குப் பேரம் பேச வேண்டும்?"

சாமி ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டார். "போய் இதையே சின்னதுரையிடம் சொல்."

கொளுத்தும் வெயிலில் ஒற்றைச் செருப்போடு பெரியணன் நொண்டியடித்து வந்ததைப் பார்த்துத் தடிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள் புகுந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"சின்னதுரை, அஞ்சு டீ. எல்லாம் ஊர்க்காரங்க குடிக்கிற அதே டம்ளர்ல."

"அண்ணே, நீங்களுமா?"

செவந்தி நகர்ந்து இடம் விட்டாள். "உங்களுக்கும் கால் நடுங்குதாண்ணே?"

"சுடுதும்மா."

காலையிலிருந்து ஒரு டீகூட விற்கவில்லை. பால் சுண்டிக்கொண்டிருந்தது. சின்னதுரை வாசலைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

சாயங்காலம் பெரியணன் மடத்துக்கு வந்தான்.

"குடித்தாயிற்று, சாமி. ஆனால் பொய் சொல்லிவிட்டேன். வெயிலால் இல்லை, எனக்கும் கால் நடுங்கத்தான் செய்தது. செவந்திக்கு டம்ளரைக் கையில் வாங்கும்போதுகூட நடுக்கம் நிற்கவில்லை. இதற்குப் பெயர் தைரியமா?"

சாமி இன்னொரு செருப்பை அவன் பக்கம் தள்ளினார்.

"நடுங்கின கால் பெஞ்சை விட்டு எழுந்து போனதா?"