கார்த்திகை வெயில்

“சித்திரையில குதிச்சுக் குதிச்சு வேலை செய்யுறது, கார்த்திகை வந்தா காலை நீட்டிப் படுத்துடுறது! இந்தச் சோலாரும் ஒண்ணு, அந்த வடிவும் ஒண்ணு. ரெண்டையும் ஜீப்ல ஏத்தி அனுப்புங்கம்மா!”

செல்வநாயகி இதைச் சொல்வது முதல் தடவையல்ல. விடிந்ததிலிருந்து அடுப்படியில் சொல்லியாயிற்று, கிணற்றடியில் சொல்லியாயிற்று. இப்போது குருவின் எதிரிலேயே வந்து நின்று, கையில் மாவு வழிய வழியச் சொன்னாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மடம் மலைமேல் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. தெற்கே சுவர் மாதிரி மலை. கரண்ட் கம்பி அங்கே எட்டிப் பார்த்ததில்லை. விறகுக் கொட்டகையின் தாழ்ந்த கூரைமேல் கிடந்த சோலார் பேனல்கள்தான் விளக்குக்கும் கிரைண்டருக்கும் கதி. மழைக்காலம் தொடங்கியதும் பேட்டரி நிரம்பவில்லை. கிரைண்டர் உறுமிவிட்டு நின்றுபோனது. அதே நேரம் பார்த்துச் சமையல்காரி வடிவும் படுத்துவிட்டாள். மடம் முழுவதற்குமான மாவை ஆட்டுக்கல்லில் அரைக்கிற பாக்கியம் செல்வநாயகியின் தோளில் விழுந்தது.

மூன்று மருமகள்களோடு மல்லுக்கட்டி அலுத்து, மன அமைதி வேண்டுமென்று பங்குனியில் மலையேறி வந்தவள் அவள். அமைதி கிடைத்ததோ இல்லையோ, அடுப்படிப் பொறுப்பு கிடைத்தது.

குரு நாச்சியாரம்மா அவளைவிட வயதில் சிறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

“டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டார் குரு.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். மனசு சோர்ந்து கிடக்குதாம். மாத்திரை குடுத்திருக்கார். மெதுவாத்தான் சரியாகுமாம். மெதுவான்னா எப்போ? பொங்கலுக்கா, அடுத்த பொங்கலுக்கா?”

“அவ அண்ணன்கிட்ட பேசினீங்களா?”

“பேசினேன். அனுப்பினா அனுப்புங்கன்னார்.”

“வேற?”

செல்வநாயகி தன் மாவுக்கையைப் பார்த்தாள். “மாட்டுக் கொட்டகையில ஒரு மூலையை ஒதுக்கித் தருவாராம்.” உடனே குரலை உயர்த்தினாள். “அது அவங்க குடும்ப விஷயம். சாமான் கொண்டுவந்த ஜீப் மத்தியானம் திரும்புது. ஏத்திவிடவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஏத்தலாம். முதல்ல சோலாரைக் கழற்றுவோம். அதையும்தானே அனுப்பணும்னீங்க? ஸ்பேனரை எடுங்க.”

செல்வநாயகி பதறிப் போனாள். “ஐயையோ! யாராவது கழற்றுவாங்களா? தை பிறந்தா வெயில் வந்துடுமே!”

“வருமா?”

“வராம எங்கே போகும்?”

செல்வநாயகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அத்தனை சுலபமாக மாட்டிக்கொள்ளும் ஆள் இல்லை அவள்.

“நீங்க சொல்ல வர்றது புரியுதும்மா. ஆனா சோலார் வேற, மனுஷி வேற. பேனலுக்கு நான் மூணு வேளை கஞ்சி ஊத்தல.”

“வேறதான்” என்று ஒப்புக்கொண்டார் குரு. “சரி, பேனலை மட்டும் பார்ப்போம். வாங்க.”

மழை விட்டிருந்தது. கொட்டகைக் கூரை நெஞ்சு உயரம்தான். பேனல்கள் அதன்மேல் தட்டையாகக் கிடந்தன.

“வெயில் எங்கே இருக்கு?”

“அதோ, தெக்குமலைக்குச் சற்று மேலே. ஏறவே சோம்பேறித்தனம்.”

“பேனல் எங்கே பார்க்குது?”

“நேரே மேலே.” சொன்னவள் நிறுத்திக்கொண்டாள்.

நேரே மேலே சூரியன் இல்லை. அது சித்திரையில் நின்ற இடம்.

சித்திரையில் சோலார் மாட்ட வந்த ஆள் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. “ஐப்பசியில சூரியன் தெக்கே இறங்கும்மா. சட்டத்தோட பின்காலைத் தூக்கி மேல் துளையில மாட்டிடுங்க. பேனல் தெக்கே சாயணும்.” அவள்தான் கையை வீசி அவனை அடக்கினாள். “வருஷம் பூரா இங்கே வெயில் கொட்டுதுப்பா. எனக்குத் தெரியாததா?” அவள் அந்த இடத்துக்கு வந்தே அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அவள் அதைக் குருவிடம் சொல்லவில்லை. போய் ஸ்பேனரை எடுத்து வந்தாள்.

குரு பின்னால் நின்று பேனலைத் தூக்கிப் பிடித்தார். செல்வநாயகி துருப்பிடித்த போல்ட்டை அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டியபடி கழற்றி, மேல் துளையில் மாட்டினாள். ஒவ்வொரு பேனலாகச் சாய்த்தார்கள். தேங்கியிருந்த மழைத்தண்ணீர் அழுக்கோடு வழிந்தது. பேட்டரிப் பெட்டியின் மீட்டரில் எண் கொஞ்சம் ஏறியது. அவ்வளவோடு நின்றது.

“இவ்வளவுதானா?”

“கார்த்திகைக்கு இவ்வளவுதான்.”

“கிரைண்டர் ஓடுமா?”

“ஓடாது. ராத்திரி விளக்கு எரியும்.”

செல்வநாயகி பெருமூச்சு விட்டாள். கீழே பாதையில் ஜீப் ஹாரன் அடித்தது.

“அப்போ வடிவு?”

“அவகிட்ட தினமும் என்ன கேட்கறீங்க?”

“எந்திரிக்கிறியா இல்லையான்னுதான். வேற என்ன கேட்க?”

“எங்கே இருந்து?”

“வாசப்படியில நின்னுதான். உள்ளே போய் உட்கார எனக்கு நேரம் ஏது?”

மறுபடியும் ஹாரன்.

குரு கையிலிருந்த துருவை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “சூரியனை மேலே ஏத்த நம்மால முடியாது, செல்வநாயகிம்மா. போல்ட்டுதான் நம்ம கையில இருக்கு.”

செல்வநாயகி ஸ்பேனரைக் கூரைமேல் வைத்தாள். பிறகு விறுவிறுவென்று மதிலோரம் போய், டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏன்யா அலறுறே? இங்கே யாரும் வரல. நீ கிளம்பு!”

திரும்பி வந்து வடிவின் அறை வாசலில் நின்றாள். வழக்கமான கேள்வி வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பின்னாத தலைமுடி பாயெல்லாம் பரவிக் கிடந்தது. செல்வநாயகி முழங்கால் நெறிபட உட்கார்ந்தாள். அப்போதும் முகம் தெரியவில்லை. கையைத் தலைக்குக் கொடுத்து, பக்கத்தில் வெறும் தரையிலேயே படுத்தாள். அங்கிருந்து பார்த்தால் வடிவின் கழுத்து தெரிந்தது. மூச்சு விடுவது தெரிந்தது. அவள் தூங்கவில்லை என்பதும் தெரிந்தது. இத்தனை நாள் வாசலில் நின்றபோது தெரியாதது அது.

“தரை ஜில்லுன்னு இருக்கு வடிவு” என்றாள். “கொஞ்சம் நகர்ந்து, எனக்கும் பாயில இடம் குடேன்.”

ஜீப்பின் சத்தம் வளைவு வளைவாக இறங்கித் தேய்ந்தது. அடுப்படியில் யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். செல்வநாயகி எழுந்திருக்கவில்லை.

“அவசரமில்ல. உனக்குத் தோணுறப்போ நகரு.”