பருந்து சொல்லாத பாதிப் பயணம்

ஒரு காட்டில், கோடையின் பிடியில் ஓர் ஏரி சுருங்கிக்கொண்டே வந்தது, குழந்தைகளே. மற்றப் பறவைகள் எல்லாம் கிழக்கே கடலோரக் காயலுக்குப் பறந்துவிட்டன. தாமதமாகப் பொரித்த ஒரு குஞ்சுக்காகக் கூழைக்கடா ஒன்று மட்டும் தங்கியிருந்தது. ஏரியில் மீன் தீர்ந்த வேளையில்தான் குஞ்சுக்கு இறக்கை முற்றியது.

கரையிலிருந்த மருதமரத்தில் ஒரு பருந்து வாழ்ந்தது. கழுகு என்று சொல்வோரும் உண்டு. நாம் பருந்து என்றே வைத்துக்கொள்வோம். தன் வேகத்தில் அதற்குப் பெருமை அதிகம்.

“அண்ணா, காயல் எவ்வளவு தொலைவு?” என்று கூழைக்கடா கேட்டது.

“எனக்கு அரைநாள். காலையில் கிளம்பினேன், உச்சிவேளையில் அங்கே மீன் தின்றேன். உன் பிள்ளை சின்னவன். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் போய்விடுவான். நானே துணைக்கு வருகிறேன்.”

மறுநாள் விடிந்ததும் மூன்றும் கிளம்பின. காற்று முகத்தில் அடித்தது. உச்சிவேளை கடந்தது; பொழுதும் சரியத் தொடங்கியது. கீழே பாறையும் முட்காடும், அவற்றினிடையே நரிகளும்தான் தெரிந்தன.

“மாமா, உங்கள் காயலும் நம்மோடு சேர்ந்து பறக்கிறதா? போகப் போகத் தள்ளிப் போகிறதே” என்றது குஞ்சு. அதன் இறக்கைகள் தளர்ந்தன, உயரம் குறைந்தது.

கூழைக்கடா பருந்தின் அருகில் வந்தது. “அண்ணா, நீங்கள் எந்த மாதம் போனீர்கள்?”

“ஆடியில்.”

“அப்படியானால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று உங்களை முதுகில் தள்ளியிருக்கும். இப்போது எதிரே அடிப்பது கடற்காற்று. அந்த ஆடியில், காட்டுக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று?”

“அதை யாரும் கேட்டதில்லை.”

“நான் கேட்கிறேன். என் பிள்ளை விழப்போகிறான்.”

“இரண்டு நாள்” என்றது பருந்து மெல்ல. “பாதி வழியில் இறக்கை ஓய்ந்துபோய் ஒரு குட்டையில் இறங்கினேன். அங்கே உட்கார்ந்து அழவும் செய்தேன். அதைச் சொன்னால் என்னை யார் மதிப்பார்கள்?”

“அந்தக் குட்டையில் இப்போது நீர் இருக்குமா?”

“சுனைநீர், வற்றாது. நடுவே ஒரு பாறைத்திட்டு உண்டு. நரி வர முடியாது. அந்தக் குன்றுக்குப் பின்னால்தான்.”

“முதலில் அதைக் காட்டுங்கள். மதிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

பருந்து குஞ்சின் பக்கத்திலேயே பறந்து, “இன்னும் கொஞ்சம்தான், கண்ணு” என்று தேற்றியபடி குன்றைக் கடக்க வைத்தது. குட்டையில் நீர் இருந்தது, மீனும் இருந்தது.

வயிறு நிறைந்ததும் குஞ்சு கேட்டது: “மாமா, நீங்கள் அழுத இடம் எது?”

பருந்து கூச்சத்தோடு திட்டின் ஓர் ஓரத்தைக் காட்டியது.

“நல்ல இடம்” என்று குஞ்சு அங்கேயே போய், அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு உறங்கியது. மறுநாள் மாலை மூன்றும் காயலில் இறங்கின.

நீதி: வென்ற கதையோடு தவித்த கதையையும் சொல், பின்னால் வருபவருக்கு அதுவே வழிகாட்டும்.