மருத மரத்துக்குள் யார்?

குழந்தைகளே, ஒரு காட்டை நடுவே பிளந்துகொண்டு ஓர் ஓடை ஓடியது. மழைக்காலம் வந்துவிட்டால் அக்கரைப் புல்வெளிக்கு யாரும் போக முடியாது. மான்குட்டிகள் பட்டினி கிடக்கும். அதனால் கரையில் நிற்கும் ஒரு மரத்தைச் சாய்த்துப் பாலம் போடலாம் என்று முடிவானது.

எந்த மரம் என்று தீர்மானிக்க மூவர் குழு அமைத்தார்கள். யானை, கரடி, இருவாச்சி. பெரிய அலகுள்ள அந்தப் பறவைக்குத் தெரியாத மரமே காட்டில் கிடையாது.

பாலத்துக்கு எட்டும் நீளத்தில் இருந்தவை இரண்டே மரங்கள். ஒன்று நாவல், இன்னொன்று மருது.

"இந்த மரங்களில் யாருக்காவது சொந்தக் காரியம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றது யானை.

கரடி தலையைச் சொறிந்தது. "நாவல் பழம் என்றால் எனக்கு உயிர், யானையண்ணே. நான் நியாயமாகப் பேச மாட்டேன். என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் புதரோரம் போய் உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு?" என்று இருவாச்சியைக் கேட்டது யானை.

மருத மரத்துப் பொந்தில்தான் இருவாச்சியின் மனைவியும் குஞ்சும் இருந்தன. இருவாச்சிகளின் வழக்கப்படி, குஞ்சின் பாதுகாப்புக்காகப் பொந்தின் வாயை மண்ணால் பூசி, இரை ஊட்டச் சிறு துளை மட்டும் விட்டிருந்தன. உண்மையைச் சொன்னால் குழுவிலிருந்து விலக்கிவிடுவார்களே, அப்புறம் அந்த மரத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? பாவம், பயந்துவிட்டது.

"எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மருது வேண்டாம். உள்ளே வெறும் பொந்து. மான் கால் வைத்தாலே முறிந்துவிடும்."

"வெளியே கல் மாதிரி நிற்கிறதே! உள்ளே பொந்து என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ சொன்னார்கள்..." என்று இழுத்தது இருவாச்சி.

"போதும், கதை விடாதே!" யானை மருத மரத்தில் நெற்றியை வைத்து அழுத்தியது. மரம் கிறீச்சிட்டது.

"ஐயோ, நிறுத்துங்கள்! உள்ளே என் மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள்!" என்று அலறி, இருவாச்சி யானையின் முகத்துக்கு நேரே பாய்ந்தது.

யானை சட்டென்று பின்வாங்கியது. பொந்துக்குள் குஞ்சு வீறிட்டு அழுதது.

"அடப்பாவி! நீ சொன்னது உண்மைதானே! கரடியைப் போல முதலிலேயே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனே" என்றது யானை. அதற்கும் கண் கலங்கிவிட்டது.

இருவாச்சி தலைகுனிந்து குழுவிலிருந்து விலகிக்கொண்டது. மரங்கொத்தியைக் கூப்பிட்டு இரண்டு மரங்களையும் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். "மருது உள்ளே காலி. நாவல்தான் கெட்டி" என்றது மரங்கொத்தி.

நாவல் சாய்ந்தது. கரடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாலத்தில் நடந்து பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் கரடியின் காலடியில் நாவல் பழங்கள் கிடந்தன. எங்கோ தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக அலகில் கவ்விக்கொண்டு வந்து போட்டிருந்தது இருவாச்சி.

நீதி: பொறுப்பில் இருப்பவர் தம் சொந்தக் காரியத்தை மறைத்தால், அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது.