பத்துச் சுற்று

ரெஜினா அக்காவிடம் ஜீப் மெக்கானிக் தொழில் கற்றவர்களில் ஒச்சப்பன்தான் மூத்தவன். அவளைவிட ஏழு வயது பெரியவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். போடியில் ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவள் அவனை அண்ணே என்பாள்.

ஆறு வருடம் அவள் பட்டறையில் இருந்துவிட்டு ஒச்சப்பன் சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினான். காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை மலைமேல் ஏற்றிப் போவான். சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவான். அந்த ஏற்றத்தில் அவன் வண்டி திணறி யாரும் பார்த்ததில்லை.

பவுன்ராஜ் அவனுக்குப் பிறகு பட்டறையில் சேர்ந்தவன். அவனும் ஒரு ஜீப் வாங்கி அடுத்த தோட்டத்துக்கு ஆள் ஏற்றினான். அதுவரை ஒச்சப்பனுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் பவுன்ராஜ் தன் வண்டிக்கு முப்பத்தைந்து அங்குல டயர் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். ஸ்டாண்டில் மற்ற ஜீப்பெல்லாம் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் கிளாசும் கையுமாக அதைச் சுற்றி வந்தார்கள். ஒச்சப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த பெண்களே தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

டயரைவிட இன்னொன்று அவனை அதிகம் அரித்தது. அந்த டயருக்காக அக்கா மூன்று நாள் உட்கார்ந்து, பவுன்ராஜ் வண்டியின் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் பிரித்து உள்ளே பல்சக்கரம் மாற்றியிருக்கிறாள். ஆறு வருடத்தில் தனக்குச் சொல்லித் தராத ஏதோ ஒரு கணக்கை அவனுக்குச் சொல்லித் தந்துவிட்டாள் என்று ஒச்சப்பன் முடிவு கட்டினான். பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தினான்.

மதுரைக்குப் போய் அதே அளவில் நாலு டயர் பிடித்தான். மட்கார்டை வெட்டி மாட்டினான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்டாண்டில் அன்று காலை எல்லோரும் அவன் வண்டியையும் சுற்றி வந்தார்கள். பவுன்ராஜ்கூட வந்து தட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். அந்தச் சந்தோஷம் அடிவாரம் வரைக்கும்தான். ஏற்றத்தில் முதல் கியர் போட்டும் வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது வளைவில் கிளட்ச் கருகும் வாடை வந்தது. பெண்களை இறங்கி நடக்கச் சொன்னான். அவர்கள் நடந்துகொண்டிருந்தபோது பவுன்ராஜின் வண்டி பின்னாலிருந்து வந்து, நிற்காமல், சீராக முனகிக்கொண்டு மேலே போனது.

சாயங்காலம் இறங்கும்போதுதான் அது நடந்தது. முன்பெல்லாம் முதல் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். இப்போது அந்தப் பிடி இல்லை. பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறிச் சொதசொதவென்று ஆகிவிட்டது. ஒச்சப்பன் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினான். பின்னால் இருந்த ராக்கம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போனான். நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லும்போதே குரல் ஏறியது. பவுன்ராஜுக்குச் செய்ததைத் தனக்கும் செய்து தரவேண்டும், அவனுக்குச் சொன்ன கணக்கைத் தன்னிடம் ஏன் மறைத்தாள் என்று கேட்டான்.

ரெஜினா ராக்கம்மாள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். பிறகு, வண்டியையும் கழற்றிப் போட்ட பழைய டயர் நாலையும் கொண்டுவரச் சொன்னாள். பவுன்ராஜுக்கும் ஆள் அனுப்பினாள்.

பட்டறைக்கு முன்னால் தரை சமமாக இருந்தது. அவள் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். பவுன்ராஜின் ஜீப்பை அந்தக் கோட்டில் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் ஒரு வெள்ளை அடையாளம் வைத்தாள். ஒச்சப்பனைத் தள்ளச் சொன்னாள். எவன் வண்டியைப் பார்த்து வயிறு எரிந்தானோ அந்த வண்டியை அவன் தள்ளினான். அவள் பக்கத்தில் குனிந்து நடந்து, ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணினாள். பத்துச் சுற்று ஆனதும் நிறுத்தச் சொல்லி அந்த இடத்தில் கோடு போட்டாள். பதினேழு அடி.

சவாரிக்கு நேரமாகிறது என்று பவுன்ராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்து அதே முதல் கோட்டிலிருந்து ஒச்சப்பனின் ஜீப், பெரிய டயரோடு. அதே பத்துச் சுற்றுக்கு அது இருபத்தோரு அடி தாண்டிப் போனது.

"ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம் ஓடுனா இன்ஜினுக்கு எங்கேருந்து பலம் வரும்?" என்று அவனே முணுமுணுத்தான். அக்கா பழைய டயரை மாட்டச் சொன்னாள்.

இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். முதல் கோட்டிலிருந்து ஒச்சப்பன் மறுபடி தள்ளினான். பத்துச் சுற்று. ஜீப் நின்றது.

அவன் வந்து பார்த்தான். பவுன்ராஜுக்குப் போட்ட கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றிருந்தது. டேப்பை வாங்கி மறுபடி அளந்தான். மறுபடியும் அதே இரண்டு விரல்தான்.

அந்தக் கோட்டின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அப்படின்னா அவன் வண்டி இப்ப இழுக்குறதும், என் வண்டி முந்தாநாள் வரைக்கும் இழுத்ததும்..."

"ஒண்ணுதாண்ணே."

"பெறகு எதுக்குக்கா அவனுக்கு அந்த டயர்?"

"அவன் பாதையில ரெண்டு எடத்துல ஓடை குறுக்க வருது. வண்டியோட அடிப்பக்கம் தட்டாம தாண்ட உயரம் வேணும்."

ஒச்சப்பன் பாதையில் ஓடை இல்லை. அது அவனுக்குத் தெரியும். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டான். வந்ததும் குரல் ஏறிக் கேட்டதை இப்போது மெதுவாகக் கேட்டான்.

"அந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல்லுன்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க? அவன்கிட்ட என்ன கணக்கு சொன்னீங்க?"

ரெஜினா ஜாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அவன்தான் சொன்னான். டயரு பெருசாப் போச்சு, இருந்தாலும் ஒச்சப்பண்ணன் வண்டி எப்படி ஏறுதோ அப்படியே இதுவும் ஏறணும்னு."