சோறில்லாத இலை

"காலை வெட்டினாலும் வெட்டட்டும் சாமி. இந்தக் காயை என்னால தின்ன முடியாது."

மடத்துச் சமையல்காரர் தாண்டவராயன் தட்டைத் தள்ளிவைத்தார்.

அவருடைய வலது கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. சர்க்கரை. சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்து, காயைத் தின்னு, இல்லையென்றால் முதலில் விரலை எடுப்போம், பிறகு காலை எடுப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரசமும் சோறுமாகவே வளர்ந்த உடம்பு. காய் பக்கம் போனதே இல்லை.

மடத்துத் தலைவரான அடிகள் அவரைவிட வயதில் சிறியவர். கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு விடை கொடுங்க. தங்கச்சி வீட்டுக்குப் போய் மீனோ முட்டையோ தின்னு காலைக் காப்பாத்திக்கிறேன். இங்க இருந்தா சோறு தின்னு சாகணும். இல்ல, பட்டினி கிடந்து சாகணும்."

"போங்க," என்றார் அடிகள்.

போகாதே என்பார் என்று தாண்டவராயன் நினைத்திருந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

அடிகள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அவர் அங்கே நுழைந்து யாரும் பார்த்ததில்லை. கூடையில் வெண்டைக்காய் இருந்தது.

"இதை எப்படிச் செய்வீங்க?"

"நறுக்கி, கழுவி, தண்ணி ஊத்தி, மூடி வேகவைப்பேன். வேற எப்படி?"

அடிகள் கூடையை இழுத்தார். காயை முழுசாகக் கழுவினார். ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். அரிவாள்மணை முன் உட்கார்ந்தார்.

டக். டக்.

காய் துண்டாகும் ஒவ்வொரு முறையும் தாண்டவராயன் கால்விரலை மடக்கிக்கொண்டார்.

இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. காயைப் போட்டார். தண்ணீர் ஊற்றவில்லை. மூடவில்லை. ஓரம் முறுகியதும் வேர்க்கடலைப் பொடியும் தேங்காய்ப்பூவும் தூவினார்.

பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

தாண்டவராயன் பதறிப்போனார்.

"என்ன சாமி பண்றீங்க? படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கலாமா? எச்சில் இல்லையா? நான் இந்த அடுப்படிக்கு வந்த நாள்லேர்ந்து எதையும் நாக்குல வெச்சதில்ல."

"இது சாமிக்கு இல்லை. உங்க காலுக்கு."

இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டார்.

இலை விரித்தார். சோறு விழவேண்டிய இடத்தில் வெண்டைக்காயைக் குவித்தார். பக்கத்தில் கெட்டித் தயிர்.

"சோறு?"

"இல்லை."

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிறவர் மாதிரி ஒரு வாய் போட்டார். மென்றார்.

கண்ணைத் திறந்தார்.

இன்னொரு வாய்.

சட்டி காலியானது.

"இதே கூடைக் காய்தானே, சாமி?"

"இதே கூடைதான்."

தாண்டவராயனின் முகம் மாறியது. விரலில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... இத்தனை வருஷமா நீங்கள்லாம் என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

"நீங்க சமைச்சதை."

"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சோறு இருந்ததே, தாண்டவராயரே."