பெருநீலியின் காற்று

விண்மீன்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு வாயு மேகத்துக்கு மூன்று பெண்கள். மூத்தவள் பெருநீலி, அடுத்தவள் செம்பி, கடைசியாகப் பிறந்தவள் பொடிச்சி. மேகத்தாய் தன் உடம்பையே பிள்ளைகளுக்கு ஊட்டினாள். உண்ட வாயு திரண்டு இறுகி, வயிற்றில் தீப் பிடித்தால்தான் ஒருத்தி விண்மீன் ஆவாள். பிடிக்காவிட்டால் இருட்டிலேயே குளிர்ந்துபோவாள்.

பெருநீலிக்குத்தான் முதலில் தீப் பிடித்தது. நியாயமாக அவள் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தன் பங்கைத் தின்றாள், செம்பியின் பங்கில் பாதியைத் தின்றாள். வெப்பம் ஏற ஏற அவள் மேனி நீலமாயிற்று. அந்தத் திமிரில், பொடிச்சிக்கென்று தாய் ஒதுக்கியிருந்த கடைசி வாயுவையும் இழுத்துக்கொண்டாள்.

மிஞ்சிய பாதியிலேயே சின்னதாகத் தீப் பிடித்திருந்த செம்பிக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அது பொடிச்சியுடையது. அவளுக்கு இன்னும் தீயே பிடிக்கவில்லை. கண்ணில்லையா உனக்கு?”

“நான் பெரியவள். எனக்குப் பசி அதிகம்.”

“இதற்குப் பெயர் பசியா? உன் வயிற்றில் இருப்பதை வைத்து நூறு பேர் பிழைக்கலாம். அம்மாவைப் பார், கந்தல் கந்தலாகக் கிடக்கிறாள்!”

“பேச்சை வளர்க்காதே. பொடிச்சிக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.”

பொடிச்சி அழக்கூட இல்லை. “குளிர்கிறது அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

பெருநீலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் வயிற்றில் பிறந்து, மோதி மோதி மேலேறி வந்த ஒளிக்கு அது கேட்டது. ஒளி அவள் தோலருகே நின்றது.

“அம்மா, அவளுடையதைத் திருப்பிக் கொடுங்கள்.”

“என் வயிற்றில் பிறந்துவிட்டு எனக்கே புத்தி சொல்கிறாயா? போ வெளியே!”

“போகிறேன். வெறுங்கையோடு போகமாட்டேன். திருடிய சோற்றில் பிறந்துவிட்டு எந்த முகத்தோடு நான் வெளியே திரிவேன்?”

ஒளி அவள் மேனியைப் பற்றியது. மெல்லிய வாயு பிடிக்குச் சிக்காமல் நழுவியது. அதில் கலந்திருந்த இரும்பும் கரியும் சிக்கின. ஒளி அவற்றை முழு ஆத்திரத்தோடும் வெளியே தள்ளியது. அவை பக்கத்திலிருந்த வாயுவையும் இழுத்துக்கொண்டு, கண் இமைப்பதற்குள் ஒரு தேசத்தைக் கடக்கும் வேகத்தில் காற்றாகப் பறந்தன.

“நிறுத்து! நான் கரைகிறேன்!” என்று அலறினாள் பெருநீலி.

“கரையுங்கள்” என்றது ஒளி.

அவள் ஒளியை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அத்தனை கனத்தைத் தாங்க அவள் உக்கிரமாக எரிந்தே ஆக வேண்டும். எரிய எரிய ஒளி பெருகியது, காற்றும் வலுத்தது.

அந்தக் காற்று பொடிச்சியை எட்டியபோது காலம் கடந்திருந்தது. வந்த வாயு நிற்காமல் அவளைத் தாண்டி ஓடிற்று. அவள் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் கதகதத்து, அப்படியே இருண்டுபோனாள்.

“இப்போது கொடுத்து என்ன? இப்போது கொடுத்து என்ன?” என்று செம்பி கத்தினாள். காற்று எங்கோ தொலைவிலிருந்த வேறொரு மேகத்தில் மோதி அதை இறுக்கியது. அங்கே யாருடைய பிள்ளைகளுக்கோ தீப் பிடித்தது. ஒளிக்கு அதிலும் கோபம் ஆறவில்லை.

அன்று தொடங்கியதுதான்: செம்பியின் வகையைச் சேர்ந்த சிறிய விண்மீன்கள் உள்ளதை வைத்துக்கொண்டு நெடுங்காலம் நிதானமாக எரிகின்றன, நீலமாய்க் கொதிக்கும் பெரிய விண்மீன்களையோ அவற்றின் ஒளியே பிய்த்துக் காற்றாக ஊதித் தள்ளுகிறது.