பேஷ் என்றால் கொழுக்கட்டை

ரொம்ப காலத்துக்கு முன்னால், புன்னைநாட்டை இடிமுழங்கி பூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெயரில்தான் இடி. மனசோ ஆடிக் காற்றில் பறக்கிற பஞ்சு. கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ, அதுவே அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் அரண்மனைச் சமையல்காரன் முதலியாண்டான் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பேஷ்! பேஷ்!" என்றார் ராஜா. முதலியாண்டானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே சாப்பிட்ட மந்திரி சிற்றம்பலத்தாருக்கும் சந்தோஷம். ராஜாவின் கிறுக்குகளைப் பொறுத்துக்கொண்டு அவர் வேலையில் நீடித்ததே அந்தச் சாப்பாட்டுக்காகத்தான்.

களஞ்சிய அதிகாரி உலகளந்தாருக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவரைப் பார்த்து யாரும் ஒருநாளும் பேஷ் சொன்னதில்லை.

"பிரபு, புகழ்ந்தால் வேலைக்காரர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். இன்றைக்குப் பேஷ் என்றால் நாளைக்குப் பல்லக்கு கேட்பான். திட்டினால்தான் வேலை நடக்கும்."

"அதுவும் சரிதான்! இன்று முதல் யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. மீறினால் என்ன தண்டனை?"

"வாயில் ஒரு கொழுக்கட்டையை அடைத்து, பொழுது சாயும்வரை முற்றத்தில் நிற்க வைக்கலாம், பிரபு!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டம் ஆகிவிட்டது.

பாவம் முதலியாண்டான். ருசி பார்த்து முகம் மலர ஆளில்லை, வசவுதான் வந்தது. சரியாகத்தான் சமைக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம். போட்ட உப்பை மறந்து இன்னொரு தரம் போட்டான். தண்டனைக்கென்று பிடித்த கொழுக்கட்டைகளோ, தேங்காய் உடைக்கலாம் போல இருந்தன. ராஜா ரசத்தைத் துப்பிவிட்டு, "நாளைக்கு என் பிறந்தநாள் விழா முடிந்ததும் நீ ஊரைவிட்டே போய்விடு" என்றார்.

முதலியாண்டான் மந்திரியின் காலில் விழுந்தான். "சாமி, பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்? எனக்குக் கைப்பக்குவமே போயிடுச்சுங்க."

"அது எங்கேயும் போகலேப்பா. நீ எனக்கு ஒரு கூடை கொழுக்கட்டை மட்டும் கொடு."

பிறந்தநாள் விழாவில் ராஜா சிலம்பம் சுற்றுவது வழக்கம். ஊரே திரண்டிருந்தது. மந்திரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தார். "சட்டம் தெரியுமில்லையா? யாராவது பாராட்டினீர்களோ..." என்று ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் காட்டினார். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராஜா கம்பைச் சுழற்றினார். சத்தமில்லை. குனிந்து சுழற்றினார், குதித்துச் சுழற்றினார். எங்கோ ஒரு காக்கைதான் கத்தியது. ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

"ஏன் எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள்? வாயில் என்ன கொழுக்கட்டையா?"

"இன்னும் இல்லை, பிரபு. பாராட்டினால்தான்" என்றார் மந்திரி பணிவாக.

ராஜா மறுபடி சுழற்றினார். தப்பாகச் சுற்றுகிறோமோ? வேட்டி அவிழ்ந்துவிட்டதோ? குனிந்து பார்த்த நேரத்தில் கம்பு தலையில் பட்டு, மகுடம் உருண்டு உலகளந்தாரின் காலடியில் போய் விழுந்தது.

காக்கா பிடிக்க இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் அவர் விடுவாரா? "பேஷ்! மகுடத்தைச் சுழற்றிவிட்ட அழகே அழகு, பிரபு!"

திறந்த வாய் மூடுவதற்குள் மந்திரி கொழுக்கட்டையை உள்ளே தள்ளிவிட்டார்.

"நீர் செய்த வேலைதானா இது?" என்று ராஜா மந்திரியைப் பார்த்துச் சீறினார். "பிறந்தநாளும் அதுவுமாக ஒரு நல்ல வார்த்தை இல்லையென்றால் எனக்குக் கை எப்படி ஓடும்?"

"கொஞ்ச நேரம் ஊர் பேசாமல் இருந்ததற்கே தங்கள் கையில் கம்பு நிற்கவில்லை. முதலியாண்டான் கையில் இருந்தது ஒரு சிட்டிகை உப்புதானே, பிரபு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. மகுடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்கு நடந்தார். முதலியாண்டான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"முதலியாண்டா, காலையில் நான் கண் விழிப்பதே உன் சமையலை நினைத்துத்தானடா. போகாதே."

முதலியாண்டான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான். அன்றைய பாயசம் கிடைக்கக் காரணமே அவர்தான் என்று ராஜா மந்திரியின் கழுத்தில் முத்துமாலை போட்டார். மந்திரி இன்னொரு கிண்ணம் பாயசம் கேட்டார்.

"பொழுது சாய்ந்ததும் அந்தச் சட்டம் ரத்து!" என்றார் ராஜா.

"அதுவரை எதற்கு, பிரபு?"

ராஜா முற்றத்தைக் காட்டிச் சிரித்தார். அங்கே உலகளந்தார் கன்னம் புடைக்க நின்றுகொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. முதலியாண்டான்தான் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து கொழுக்கட்டையை வெளியே எடுத்தான். "ஐயா, நான் செஞ்ச கல்லை வாயில வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் அசையாம நின்னீங்களே! பேஷ்ங்க, பேஷ்!"

உலகளந்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"முதலியாண்டா... இன்னொரு தரம் சொல்லேன்."